ஜிஆர்இ தேர்வுக்கு ஆங்கிலச் சொற்கள்: தம்பி தங்கைகள் கேட்டவையும் என் பதில்களும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை உருப்போட்டுக்கொண்டு போனேன். ஆங்கில மொழியறிவைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 147 வந்தது. அடுத்த முறை புதுச் சொற்கள் அதிகம் சேர்க்கவில்லை. தெரியும் என்று நினைத்த சொற்களையே திரும்ப உட்கார்ந்து படித்தேன். 158 வந்தது. அதிலிருந்து எங்கள் கல்லூரி ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குப் பகுதி பற்றி இதில் எதுவும் இல்லை.

அக்கா, இந்தத் தேர்வில் சொற்களை எப்படிக் கேட்கிறார்கள்?

தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் அதைச் சுருக்கிவிட்டது. இப்போது மொத்தமே இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வெர்பலில் இரண்டு பிரிவுகள். முதலாவதில் 12 கேள்விகள், 18 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்விகள், 23 நிமிடம். முதல் பிரிவை எப்படி எழுதுகிறீர்களோ அதற்கேற்ப இரண்டாவது பிரிவு கடினமாகவோ எளிதாகவோ வரும். மதிப்பெண் 130இல் தொடங்கி 170 வரை.

கேள்விகளில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மீதிப் பாதியில்தான் சொல்லறிவு நேரடியாகச் சோதிக்கப்படுகிறது. அதில் இரண்டு வகை. ஒன்று டெக்ஸ்ட் கம்ப்ளீஷன்: வாக்கியத்திலோ சிறு பத்தியிலோ ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்கள் இருக்கும். மூன்றில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் மதிப்பெண் கிடையாது, எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இன்னொன்று சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்: ஒரே கோடிட்ட இடம், ஆறு சொற்கள். அவற்றில் எந்த இரண்டைத் தனித்தனியாக வைத்தாலும் வாக்கியத்தின் பொருள் ஒன்றாகவே வருமோ அந்த இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு காலத்தில் எதிர்ச்சொல்லையும் ஒப்புமையையும் நேரடியாகக் கேட்டார்கள். 2011 ஆகஸ்டில் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்துக்காகத் தயாரித்த தடித்த சொற்பட்டியல்கள் இன்னும் பழைய புத்தகக் கடைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சொல்லுக்கு எதிரே ஒற்றை வரிப் பொருள், அவ்வளவுதான் அவற்றில் இருக்கும். இன்றைய கேள்விகளுக்கு அது போதவே போதாது.

அப்படியென்றால் எத்தனை சொற்கள் படிக்க வேண்டும்?

இடிஎஸ் அதிகாரபூர்வமான பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை. யாராவது 'இதுதான் மொத்தப் பட்டியல்' என்று விற்றால் நம்பாதீர்கள். என் கணக்கு 800. ஒரு நாளைக்குப் பத்து, வாரத்துக்கு ஐந்து நாள், பதினாறு வாரம். மீதி இரண்டு நாளும் படித்ததைத் திரும்பப் பார்க்க மட்டும். 3,500 சொற்களை அரைகுறையாகத் தெரிந்தவரைவிட 800 சொற்களின் குணம் அறிந்தவர் இந்தத் தேர்வில் நன்றாகச் செய்வார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொல்லின் குணம் என்றால் என்ன?

இதைத்தான் நான் முதல் முறை கோட்டைவிட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டுக்கும் பட்டியலில் 'பணத்தைக் குறைவாகச் செலவழிக்கும்' என்றுதான் போட்டிருக்கும். நானும் அப்படியே படித்தேன். ஆனால் தமிழில் யோசித்துப் பாருங்கள். 'உங்க அம்மா ரொம்பச் சிக்கனம்' என்று ஒருவர் சொன்னால் மனசு குளிரும். 'உங்க அம்மா சரியான கஞ்சம்' என்றால் சண்டை வரும். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தான், பணத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தது. ஃப்ரூகல் என்பது சிக்கனம், பார்சிமோனியஸ் என்பது கஞ்சத்தனம். இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'தனக்கென்று புடவைகூட வாங்காமல் சேர்த்த பணத்தில் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிய அந்த அம்மாவை ______ என்று பழிப்பது அநியாயம்.' இதில் வர வேண்டியது பார்சிமோனியஸ். 'பழிப்பது' என்ற ஒரு சொல் பதிலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொருள் மட்டும் தெரிந்து தொனி தெரியாதவர் இரண்டில் எது என்று விழிப்பார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். பொருள் என்ன, அது பாராட்டா பழிப்பா இரண்டும் இல்லையா, எந்த ஆளைப் பற்றி அல்லது எந்தப் பொருளைப் பற்றிச் சொல்வார்கள். முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் எழுதிய சிறு அட்டைகள் வைத்துப் படித்தேன். அவற்றில் சொல்லுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி, கழித்தல் குறி, இல்லையென்றால் ஒரு சிறு வட்டம் போட்டிருப்பேன். பொருள் மறந்துபோன சொல்லுக்குக்கூட அந்தக் குறி நினைவில் நிற்கும். தேர்வில் பல நேரம் அதுவே போதும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்கணும், தமிழில் பொருள் எழுதக் கூடாது என்கிறார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி நான் இழந்த மாதங்கள் அதிகம். ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு கடினமான ஆங்கிலச் சொல்லைப் பொருளாகப் படித்தால் தெரியாத இரண்டைச் சேர்த்துக் கட்டிவைத்தது மாதிரிதான். தமிழ்ப் பொருள் நேரே உள்ளே போய் உட்காரும்.

ஆனால் அகராதித் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசும் தமிழை எழுதுங்கள். பர்ஃபங்க்டரி என்றால் 'ஈடுபாடின்றிச் செய்யும்' என்று எழுதாதீர்கள், 'கடனே என்று செய்வது' என்று எழுதுங்கள். சிகோஃபன்ட் என்றால் ஜால்ரா. எக்விவகேட் என்றால் பிடிகொடுக்காமல் பேசுவது. கப்ரிஷஸ் என்றால் நேரத்துக்கு ஒரு புத்தி. எக்ஸாசர்பேட் என்றால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. க்வெருலஸ் என்றால் எதற்கெடுத்தாலும் மூக்கால் அழுவது. இப்படி எழுதும்போது தொனியும் சேர்ந்தே வந்துவிடுகிறது பாருங்கள். ஜால்ரா என்று யாரையும் பாராட்டிச் சொல்ல முடியாது, அதனால் சிகோஃபன்டுக்குத் தனியாகக் கழித்தல் குறி தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை உண்டு. தமிழில் ஒரே சொல் போதுமான இடத்தில் ஆங்கிலம் நாலைந்தாகப் பிரிக்கும். கோபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டிக்னன்ட் என்பது அநியாயத்தைப் பார்த்து வரும் கோபம். இராசிபிள் என்பது முன்கோபக்காரரின் சுபாவம். பெட்டுலன்ட் என்பது கேட்டது கிடைக்காத குழந்தை மாதிரி முறுக்கிக்கொள்வது. மூன்றுக்கும் 'கோபம்' என்று மட்டும் எழுதினால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் இப்படிப்பட்ட சொற்களைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒரு குடும்பமாகச் சேர்த்துப் படியுங்கள்.

பேச்சுக் குடும்பமும் அப்படித்தான். டாசிடர்ன் என்பவர் இயல்பிலேயே அதிகம் பேசாதவர். ரெடிசென்ட் என்பவர் மனதில் இருப்பதை வெளியே சொல்ல விரும்பாதவர். லகானிக் என்பவர் பேசுவார், ஆனால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அது கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா இருந்த லகோனியா பகுதியின் பெயரிலிருந்து வந்தது. மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப், 'உங்கள் நாட்டுக்குள் நான் நுழைந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்' என்று மிரட்டி ஆள் அனுப்பினாராம். ஸ்பார்ட்டாக்காரர்கள் அனுப்பிய பதில் ஒரே சொல்: 'நுழைந்தால்.' இந்தக் கதை தெரிந்தபின் லகானிக் என்ற சொல் மறக்கவே மறக்காது. எதிர்ப்பக்கம் கேரலஸ், நம் ஊர் வளவளப்பு. எலக்வென்ட் என்பவரும் நிறையப் பேசலாம், ஆனால் அது நாவன்மை, பாராட்டு.

தெரிந்த சொல்லாகத்தான் இருந்தது, ஆனாலும் தப்பாகிவிட்டது. ஏன்?

இதில் இரண்டு வலைகள் இருக்கின்றன.

முதல் வலை, எளிய சொல்லின் இரண்டாவது பொருள். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்று எல்லோருக்கும் தெரியும். கட்டுரை நடையில் அதற்கு, சொன்ன கருத்தை 'ஆனால் இந்த அளவுக்குத்தான்' என்று வரம்பு கட்டுவது என்றும் பொருள். ஃபிளாக் என்றால் கொடி, சோர்ந்துபோவது என்றும் பொருள். பெடஸ்ட்ரியன் என்றால் பாதசாரி, சுவாரசியமே இல்லாத என்றும் பொருள். செக், டெம்பர் இரண்டுக்கும் அடக்குவது, தணிப்பது என்ற பொருள் உண்டு. சாங்ஷன் இன்னும் மோசம்: அனுமதி கொடுப்பதும் அதுதான், ஒரு நாட்டின் மேல் தண்டனையாகத் தடை விதிப்பதும் அதுதான். முதல் தேர்வில் நான் தவறவிட்டவற்றில் இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான் அதிகம். பெரிய சொற்களைத் தேடிப் படித்துவிட்டு இவற்றைத் தெரியும் என்று தாண்டிப் போயிருந்தேன்.

இது நமக்குப் புதிதில்லை. 'படி' என்றால் வாசிப்பதா, ஏறுவதற்கான படியா, அரிசி அளக்கும் படியா, நகலா என்று வாக்கியத்தை வைத்துத்தானே புரிந்துகொள்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே பதினோராம் தொகுதி இருக்கிறது. அந்த மாதிரி ஒரு தொகுதியை ஆங்கிலத்துக்கு நீங்களே உங்கள் நோட்டில் ஆரம்பித்துவிடுங்கள். பயிற்சித் தேர்வில் தெரிந்த சொல் ஒன்று விசித்திரமாக வந்து நின்றால் உடனே அங்கே எழுதுங்கள்.

இரண்டாவது வலை, தோற்றத்தால் ஏமாற்றும் சொற்கள். எனர்வேட் என்பது எனர்ஜி மாதிரி ஒலிக்கும், ஆனால் பொருள் பலவீனப்படுத்துவது. டிஸ்இன்ட்ரஸ்டட் என்பவர் ஆர்வமில்லாதவர் அல்ல, சுயலாபம் பார்க்காத நடுநிலையாளர். நாய்சம் என்பதற்குச் சத்தத்தோடு சம்பந்தமில்லை, அது துர்நாற்றம். மெரிட்ரிஷஸில் மெரிட் இல்லை, வெறும் போலிப் பகட்டு. இன்ஜீனியஸ் புத்திசாலித்தனம், இன்ஜெனுவஸ் வெள்ளந்தி.

வேர்ச்சொல் படித்தால் எல்லாவற்றையும் ஊகித்துவிடலாமா?

ஊகிக்க உதவும், முடிவெடுக்கப் போதாது. கிரெக் என்ற லத்தீன் வேருக்கு மந்தை என்று பொருள். கிரிகேரியஸ் என்றால் கூட்டத்தோடு சேர்ந்து இருக்க விரும்புபவர், அக்ரிகேட் என்றால் ஒன்றாகத் திரட்டுவது. சரி. எக்ரீஜியஸ்? மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் அது பாராட்டாகவும் இருந்தது. இன்று அப்பட்டமாக, மன்னிக்க முடியாத அளவுக்கு மோசமானது என்று பொருள். வேரை மட்டும் நம்பினால் தலைகீழாகப் போய்விடும். முப்பது நாற்பது வேர்கள் தெரிந்தால் போதும், அதற்கு மேல் நேரம் செலவழிக்காதீர்கள்.

படித்தது ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது, அக்கா. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் வெகு வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. மறக்கப்போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும்.

மூன்று டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். புது அட்டைகள் முதல் டப்பாவில், தினமும் பார்க்க வேண்டும். பொருளைச் சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவதுக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒரு முறை. அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாவது, வாரம் ஒரு முறை. எங்கே தவறினாலும் திரும்ப முதல் டப்பா. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. இதையே செயலியாகச் செய்ய ஆங்கி இருக்கிறது, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். யாரோ தயாரித்த அட்டைகளை இறக்கிக்கொள்ளாமல் நீங்களே எழுதுங்கள். எழுதும் நேரம்தான் பாதிப் படிப்பு.

முக்கியமாக, அட்டையின் பின்பக்கத்தை உடனே திருப்பாதீர்கள். பத்து வினாடி முட்டி மோதுங்கள். 'பார்த்தவுடன் தெரிகிறது' என்பதும் 'கேட்டவுடன் சொல்ல முடிகிறது' என்பதும் வேறு வேறு.

எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் புரியாத கேள்விகள் வருகின்றனவே?

காரணம் பெரும்பாலும் திருப்பம் காட்டும் சின்னச் சொற்கள். தமிழில் 'மழை பெய்தாலும் போனான்' என்கிறோம். திருப்பம் வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் ஆல்தோ என்று முதலிலேயே வந்துவிடும், பிறகு மூன்று வரி கழித்துத்தான் எதிர்க்கருத்து வரும். அதற்குள் நாம் ஆல்தோவை மறந்திருப்போம். பயிற்சியின்போது ஆல்தோ, டெஸ்பைட், யெட், ஃபார் ஃப்ரம், ஹார்ட்லி இவற்றையெல்லாம் வட்டமிட்டுப் பழகுங்கள்.

அப்புறம் இந்த மூன்றையும் இன்றே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எனிதிங் பட் என்றால் 'துளிகூட இல்லை'. நத்திங் பட் என்றால் 'அது மட்டும்தான்'. ஆல் பட் என்றால் 'கிட்டத்தட்ட'. ஒருவரை எனிதிங் பட் லகானிக் என்று எழுதியிருந்தால் அவர் நிறுத்தாமல் பேசுகிறவர். கூடவே நத்திங் இஃப் நாட்: அதற்கு 'வேறு எது இல்லாவிட்டாலும் இது நிச்சயம் உண்டு' என்று பொருள்.

கேள்வியைச் செய்யும் முறை ஒன்று சொல்கிறேன். விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, கோடிட்ட இடத்தில் நீங்களே ஒரு சொல்லை வையுங்கள். தமிழ்ச் சொல்லே வைக்கலாம். பிறகு விடைகளைத் திறந்து அதற்கு நெருக்கமானதைத் தேடுங்கள். விடைகளை முதலில் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருந்துவது மாதிரியே தோன்றும்.

தமிழ்வழியில் படித்தவர்களால் முடியுமா?

முடியும். இந்த 800 சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கும் புதிதுதான். அவர்களுக்கு இருக்கும் உண்மையான சாதகம் வாசிக்கும் வேகம். அதனால் நீங்கள் தினமும் அரை மணி நேரம் நீண்ட ஆங்கிலக் கட்டுரை வாசிக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. தி இந்து தலையங்கம் நல்ல தொடக்கம். ஆனால் தேர்வில் வரும் பத்திகள் கலை வரலாறு, உயிரியல், சமூகவியல் என்று போகும். ஸ்மித்சோனியன், சயின்டிஃபிக் அமெரிக்கன் போன்ற இதழ்களுக்கு இரண்டாம் மாதமே போய்விடுங்கள்.

தமிழிலிருந்து போன சொல் ஏதாவது இந்தப் பட்டியல்களில் வருமா?

வரும். பரையா என்று ஒரு சொல், பெரும்பாலான பட்டியல்களில் இருக்கும். பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். அது நம் 'பறையர்' என்ற பெயர்தான், 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெயர் பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்தது. 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருள் அந்த மக்களிடமிருந்து வரவில்லை, அவர்களை ஒதுக்கியவர்களின் கொடுமையிலிருந்து வந்தது. சொல் அட்டையில் அதைப் பார்த்த அன்று என்னால் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. தேர்வில் வந்தால் பொருள் தெரிந்திருக்க வேண்டும், அதனால் படியுங்கள். உங்கள் கட்டுரையில் மட்டும் எழுதாதீர்கள், ஐசொலேடட் என்றோ ஷன்ட் என்றோ எழுதினால் அதே பொருள் வந்துவிடும்.

கட்டுரைப் பகுதியில் இந்தப் பெரிய சொற்களைப் போட்டால் மதிப்பெண் கூடுமா?

சரியான இடத்தில் வந்தால் நல்லது. திணித்தால் கெடுக்கும். இப்போது ஒரே கட்டுரைதான், 30 நிமிடம். வாதம் தெளிவாக இருக்கிறதா, எடுத்துக்காட்டு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

உச்சரிப்பு முக்கியமா?

தேர்வுக்கு இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் படித்தால் நினைவில் நிற்கும், நாளைக்கு வகுப்பறையில் பேசவும் வேண்டும். எபிடோம் இல்லை, எபிட்டமி. ஹைபர்போல் இல்லை, ஹைபர்பலி.

பயிற்சித் தேர்வுகளுக்குக் காசு கட்ட வேண்டுமா?

இடிஎஸ் தரும் பவர்ப்ரெப் என்ற முழுத் தேர்வுகளில் இரண்டு இலவசம். கேள்வி தயாரிக்கிறவர்களே தருவதால் தரம் அதுதான். ஒன்றைத் தயாரிப்பின் தொடக்கத்திலும் மற்றொன்றைக் கடைசி இரண்டு வாரத்திலும் எழுதுங்கள். இன்னொன்று: சில ஆண்டுகளாகப் பல துறைகள் ஜிஆர்இ கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன. நீங்கள் விண்ணப்பிக்கும் துறைகளின் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் திரும்ப எழுதலாமா?

21 நாள் இடைவெளி விட்டு எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து முறை வரை. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் 21 நாளில் ஓடிப்போய் எழுதாதீர்கள். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

தேர்வு அறையில் ஒரு சொல்கூடத் தெரியாத கேள்வி வந்தால்?

வரும், எல்லோருக்கும் வரும். முதலில் வாக்கியம் பாராட்டைக் கேட்கிறதா, பழிப்பைக் கேட்கிறதா என்று பாருங்கள். விடைகளில் குறி நினைவிருக்கும் சொற்களில் அதற்குப் பொருந்தாதவற்றை ஒதுக்கிவிடுங்கள். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் என்றால் ஜோடி சேராமல் தனியாக நிற்கும் சொல் பெரும்பாலும் விடையாக இருக்காது. தவறுக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, அதனால் காலியாக விடாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிறகு பார்க்க அடையாளம் வைக்கும் மார்க் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அந்தப் பிரிவின் நேரம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.